குனியச் சொன்னார்கள், குனிந்துவிட்டேன்

குடோன் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, சுமையை நெஞ்சோடு அணைத்துப் பிடி என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கும். அதில் உள்ளதெல்லாம் சரிதான். ஆனால் அந்தப் படத்தில் தூக்குகிற ஆளுக்கு வேர்க்கவே இல்லை. அவனுக்குப் பின்னால் இரண்டாவது லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கவும் இல்லை. எப்படித் தூக்குவது என்று உங்களுக்கு மேஸ்திரி சொல்லித் தருவார். இடுப்பு விட்டுப்போன பிறகு என்ன செய்வது என்று யாரும் படம் போட்டு ஒட்டவில்லை. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் தம்பிகளா. அதைச் சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் இருபத்தாறு வருடம் இருந்தேன். முதல் பதினாறு வருடம் லோடுமேன், மீதி பத்து வருடம் நாற்காலி வேலை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருவேன். எங்கள் ஆட்கள் அதற்கு முன்னால் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். எனக்கு வேறு படிப்போ தொழிலோ கிடையாது. கருப்பசாமி என்றால் சுமை தூக்குகிறவன். பந்தயம் கட்டி மற்றவர்களைவிட ஒரு கட்டு கூடுதலாகத் தூக்குவேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், எனக்கும் பெருமையாக இருக்கும்.

பதினாறாவது வருடம் ஐப்பசி கடைசி, காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. ஒரு நாள் இரண்டு ஆள் வரவில்லை. அட்டை லோடு வந்திருந்தது. ஒரு பண்டலை இரண்டு பேர் சேர்ந்துதான் இறக்க முடியும். லாரி ஓரத்தில் நானும் சீனிராஜும் பிடித்திருந்தோம். சீனிராஜ் என்னைவிட எட்டு வயது இளையவன். ஐந்து வருடமாக நாங்கள் இரண்டு பேரும்தான் ஜோடி. பண்டலைத் திருப்பும்போது அவன் பக்கத்துப் பாரமும் சேர்ந்து என் மேல் இறங்கியது. நான் பாதி திரும்பிய நிலையில் இருந்தேன். கீழ் முதுகில் எதுவோ சுண்டி இழுத்தது. பண்டலைக் கீழே போடவில்லை, இறக்கி வைத்துவிட்டேன். அப்புறம் என்னால் நிமிர முடியவில்லை.

"என்ன மாமா?" என்றான் சீனிராஜ்.

"ஒண்ணுமில்லடா. சுளுக்கு."

இதுதான் என் முதல் தப்பு. சூப்பர்வைசர் வந்து கேட்டபோதும் சுளுக்கு என்றேன். வருகை எழுதுகிற டைம் ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிப் பதிந்துவிட்டுப் போயிருக்கலாம். பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் பதிய வேண்டும் என்றால் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். எப்படி நடந்தது என்றால், சீனிராஜ் கை முன்னாலேயே விட்டுவிட்டது. அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அந்த வருடம் அவனை மேஸ்திரி ஆக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு வேனில் நின்றபடியே ஊருக்குப் போனேன்.

ஊரில் சுளுக்கு எடுக்கிறவர் மூன்று நாள் எண்ணெய் போட்டுத் தேய்த்தார். நான்காம் நாள் காலை கடைக்குப் போய்விட்டு வந்தேன். வாசலில் நின்ற என் மனைவி ராமுத்தாயி, "ஒத்தச் செருப்ப எங்கன விட்டீக?" என்றாள். குனிந்து பார்க்க முடியாததால் தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை, கழன்றதும் தெரியவில்லை. கால் அவ்வளவு மரத்திருந்தது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

தொழிலாளர் இன்சூரன்ஸ் அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது, பல மாதம் வேலைக்குப் போக முடியாது என்றார். அங்கே ஒரு விஷயம் சொன்னார்கள். இதை நோய் என்று எழுதினால் கொஞ்ச நாளைக்குத்தான் விடுப்புப் பணம். வேலையில் பட்ட காயம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் குணமாகும்வரை பணம் வரும். ஊனம் நின்றுவிட்டால் அதற்கும் மாதாமாதம் உண்டு. ஆகவே கம்பெனியிலிருந்து விபத்துத் தாள் வேண்டும். நானும் ராமுத்தாயியும் மேனேஜரைப் பார்க்கப் போனோம்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் சீசன் நேரத்தில் விபத்து என்று ஒரு தாள் வெளியே போனால் விசாரிக்க ஆள் வருவார்கள். அந்தக் கவலை அவருக்கு.

"ஏன்யா, அன்னைக்குச் சுளுக்குன்னுதான சொன்ன? நாலு நாள் கழிச்சு வந்து கம்பெனில நடந்ததுன்னா நான் எப்படி நம்புறது? ஊர்ல எதையாவது தூக்கினியோ என்னமோ."

அவர் சொன்னதில் பாதி நியாயமும் இருந்தது. ராமுத்தாயிதான் விடவில்லை. "கூடப் பிடிச்சவர் இருக்காருல்ல சார்? அவரக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றாள்.

சீனிராஜைக் கூப்பிட்டார்கள். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மிரட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சீனிராஜ், நீ பாத்தியா?"

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் முறுக்கினான்.

"பாத்தேன் சார். நாந்தான் அந்தப் பக்கம் பிடிச்சிருந்தேன். என் கை வழுக்கிருச்சு. மொத்தப் பாரமும் மாமா மேல போயிருச்சு. அவுக கீழ போட்டிருந்தா என் கால் போயிருக்கும். போடல."

மேனேஜர் இரண்டு பேரையும் பார்த்தார். அப்புறம் டைம் ஆபீஸுக்குப் போன் போட்டார். தாள் போனது. அந்த வருடம் சீனிராஜை மேஸ்திரி ஆக்கவில்லை. அடுத்த வருடம் ஆக்கினார்கள். அந்த ஒரு வருடம் அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. உங்களில் யாருக்காவது என் நிலைமை வரலாம். ஆனால் சீனிராஜின் நிலைமை அதைவிட அடிக்கடி வரும். மறுமுனையைப் பிடித்திருப்பவனாக இருப்பீர்கள். அன்றைக்கு உங்களிடம் கேட்பார்கள்.

அதற்கப்புறம் ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தைச் சொல்வதற்கு அதிகம் இல்லை, ஏனென்றால் அதில் ஒன்றுமே நடக்கவில்லை. படுக்கையில் புரண்டு, கையை ஊன்றி, எழுந்து உட்காரவே ஆறு மாதிரி யோசிக்க வேண்டும். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். ராமுத்தாயி பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். காலையில் அவளுக்கு வேன் வந்துவிடும். போகுமுன் சோற்றுச் சட்டியையும் தண்ணீர்க் குடத்தையும் பெஞ்சு மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போவாள், நான் குனியாமல் எடுக்க. அவள் எழுந்திருக்கிற நேரத்துக்கு விழித்து, அவள் தூக்குவதையெல்லாம் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். வலியைவிட அதுதான் அலுப்பு.

நம் பக்கத்தில் காயம் என்றால் தீக்காயம். அதை யாரிடமும் விளக்க வேண்டாம், பார்த்தாலே தெரியும். என் முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. டீக்கடைக்கு நடந்து போனால், "நல்லாத்தான நடக்கீக? எப்ப வேலைக்கு?" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் தினமும் கேட்டால், நாமே நம்மைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவோம். உண்மையிலேயே வலிக்கிறதா, அல்லது உட்கார்ந்து தின்னப் பழகிவிட்டோமா என்று.

விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு நாள் இடுப்புக்கான பயிற்சிக்குப் போவேன். பயிற்சி கொடுக்கிற அம்மா சின்ன வயது. என் மகளாக இருக்கலாம். அதட்டித்தான் பேசுவார். கால் தூக்கச் சொன்னால் அவர் சொன்னதற்கு மேல் நான் தூக்கிக் காட்டுவேன். "அம்புட்டு கேட்டேனா? எது வரைக்கும் வலிக்காம போகுதோ அதுவரைக்கும் போதும்" என்பார். அது எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தால் அடுத்த தப்பு நடந்திருக்காது.

ஒன்பதாம் மாதம் மதுரைக்கு மருத்துவ போர்டுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. உடம்பில் எவ்வளவு ஊனம் நின்றிருக்கிறது என்று டாக்டர்கள் பார்த்து எழுதுகிற இடம். ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தடி ஊன்றிப் போ, படி ஏறும்போது கத்து, குனியச் சொன்னால் விழுந்துவிடு. எனக்கு அதெல்லாம் அசிங்கமாக இருந்தது. நடிக்கக் கூடாது என்று உறுதியாகத்தான் போனேன்.

வெளியே பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் சாத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பட்டாசு அறையில் தீப்பிடித்து இரண்டு கையும் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவளுடைய அக்கா தண்ணீர்ப் பாட்டிலை வாயில் சாய்த்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்கு எங்கண்ணே?"

"இடுப்பும்மா. வெளிய ஒண்ணும் தெரியாது."

"தெரியாம இருக்கிறது நல்லதுண்ணே" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

எனக்கு அங்கே உட்காரவே கூசியது. இந்தக் கைகளுக்கு முன்னால் நான் எதைக் கேட்டு வந்திருக்கிறேன் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று டாக்டர்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"குனிஞ்சு கால் விரலைத் தொட முடியுமா?"

தொட்டேன் தம்பிகளா. ஒன்பது மாதத்தில் ஒரு நாளும் முழங்காலுக்குக் கீழே போகாத கை, அன்றைக்கு விரலைத் தொட்டது. கண்ணில் தண்ணீர் கட்டியது. நிமிரும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வலிக்குதா?"

"பரவாயில்ல சார்."

"எவ்வளவு நேரம் உக்கார முடியும்?"

"உக்காரலாம் சார்."

"எடை?"

"பழையபடி முடியாது. ஆனா தூக்கிருவேன்."

ஸ்கேன் படத்தையும் பார்த்தார்கள். படம் ஒன்று சொல்லி ஆள் வேறொன்று சொன்னால் அவர்கள் எதை எழுதுவார்கள்? பதினாறு வருடமாக யார் கேட்டாலும் 'தூக்கிருவேன்' என்றே சொல்லிப் பழகிய வாய். நடிக்கக் கூடாது என்று போனவன் நடித்துவிட்டுத்தான் வந்தேன், எதிர்ப்பக்கமாக. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார முடியாமல் சாத்தூர்வரை நின்றே வந்தேன். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

சில வாரத்தில் கடிதம் வந்தது. நிரந்தர ஊனம் இல்லை, வேலைக்குப் போகலாம். நான் படித்துச் சொன்னது போதாமல், ராமுத்தாயி அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வாங்கித் தானும் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"என்ன கேட்டாக?"

"குனியச் சொன்னாக."

"குனிஞ்சீகளா?"

"குனிஞ்சேன்."

கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள். "இங்கன ஒரு நாள் குனிஞ்சு ஒரு சொம்பு எடுத்திருப்பீகளா? ஒம்பது மாசமா உங்க செருப்பு வார நான் மாட்டிவிடுதேன். அந்த டாக்டரு என்ன, உங்களுக்குப் பொண்ணு குடுக்கப் போறாரா, அவர் முன்னால வீம்பு காட்டிட்டு வந்திருக்கீக?"

நான் அந்த வெந்த கைகளைப் பற்றிச் சொன்னேன். அவள் பட்டாசுக் கம்பெனியில் இருப்பவள். அந்தக் கைகள் எப்படி இருக்கும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னாள்.

"அந்தப் பிள்ளைக்கு நீங்க விட்டுக் குடுத்தது ஒண்ணும் போய்ச் சேராது. வீம்பு உங்களுக்கு. சொமை எனக்கு."

எழுந்து போய்க் குடத்தை எடுத்துப் பெஞ்சு மேல் வைத்தாள்.

அடுத்த வாரம் விருதுநகரில் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். அதட்டுவார் என்று நினைத்தேன். அதட்டவில்லை. "வலியக் கூட்டிச் சொன்னாலும் பொய்தான், குறைச்சுச் சொன்னாலும் பொய்தான். நீங்க பொய் சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றார். அப்பீல் செய்யலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு, இன்றைக்கே இன்சூரன்ஸ் ஆபீஸில் போய்க் கேளுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். "தினம் எது முடிஞ்சது, எது முடியலன்னு தேதி போட்டு எழுதுங்க. முடிஞ்சதையும் எழுதணும். அப்பத்தான் முடியலங்கிறத நம்புவாங்க."

அன்றைக்கே போய் அப்பீல் மனு கொடுத்தேன். பணம் நின்றுவிட்டதால் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். மேனேஜர் என்னைக் குடோன் வாசலில் மேஜை போட்டு உட்கார வைத்தார். உள்ளே வருகிறதையும் வெளியே போகிறதையும் குறிக்கிற வேலை. சீனிராஜ் போய்க் கேட்டதால் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. அச்சுப் பிழையால் ஒதுக்கிய தினசரிக் காலண்டர் ஒன்று மேஜையில் கிடந்தது. தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதிலேயே எழுத ஆரம்பித்தேன்.

மேஜையில் உட்கார்ந்த முதல் மாதம் எனக்கு நரகம். என் கண் முன்னால் லோடு இறங்கும், நான் பேனாவைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பைண்டிங் பிரிவுப் பெண் ஒருத்தி வண்டியில் கட்டு அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கட்டு சரிந்து விழுந்தது.

"அண்ணாச்சி, ஒரு கை பிடிங்களேன்."

வேலைக்குப் புதியவள். என்னைப் பற்றித் தெரியாது. சின்னக் கட்டு. பழைய நாளில் ஒரு கையால் தூக்கி வண்டியில் வீசியிருப்பேன். நாற்காலியின் கைப்பிடியில் கை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டேன். குடோனில் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது சூடானது.

"என்னால முடியாதும்மா" என்றேன். "எனக்கு இடுப்பு போயிருச்சு."

பிறந்ததிலிருந்து நாலு பேர் முன்னால் நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "சரிண்ணாச்சி" என்று வேறு ஆளைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது. திரும்ப உட்கார்ந்தபோது சந்தோஷமில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது. பதினாறு வருடக் களைப்பும் அன்றைக்குத்தான் இறங்கிய மாதிரி.

அப்பீல் விசாரணைக்குக் கூப்பிட எட்டு மாதம் ஆனது. இடையில் ஒரு தடவை தேதி தள்ளிப்போனது. ராமுத்தாயியும் கூட வந்தாள். இந்த முறை குனியச் சொன்னபோது எதுவரை வலிக்காமல் போகுமோ அதுவரை குனிந்தேன். கை முழங்காலுக்கு மேலேயே நின்றது.

"போன தடவை விரலைத் தொட்டதா எழுதியிருக்கே?" என்றார் அதிகாரி.

"தொட்டேன் சார். லோடுமேன் சார் நான். முடியலன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. தொட்டுட்டு ரெண்டு நாள் படுத்துக் கிடந்தேன்."

காலண்டரைக் கொடுத்தேன். நடுவில் இருந்து புரட்டி வாய்க்குள்ளேயே படித்தார். செருப்பு மாட்ட முடியல. டீக்கடை வரை நடந்தேன், வலி இல்லை. தம்பி மகள் கல்யாணத்தில் பந்தியில் உக்கார முடியல, நின்னுட்டே சாப்பிட்டேன். இன்னைக்கு ஒரு சொம்பு தண்ணி குனிஞ்சு எடுத்தேன். கக்கூஸில் எந்திரிக்க முடியல, ராமுத்தாயி வந்து தூக்கிவிட்டா. அந்தத் தாளில் அவர் கொஞ்சம் நின்றார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஊனம் உண்டு என்று தீர்ப்பானது. மாதாமாதம் வருவது பெரிய தொகை ஒன்றுமில்லை. சீசனில் ராமுத்தாயி ஓவர்டைம் பார்ப்பதை நிறுத்துகிற அளவுக்கு இருந்தது. எனக்கு அதுவே போதும். கால் மரப்பு முக்கால்வாசி போய்விட்டது. இடுப்பு பழையபடி ஆகவில்லை, இனி ஆகவும் ஆகாது. மழைக்காலத்தில் அதிகமாக இருக்கும். அதோடு வாழப் பழகிவிட்டேன் என்று சொன்னால் பொய். சில நாள் பழக்கமாக இருக்கிறது, சில நாள் இல்லை.

உங்களுக்கு ஒன்று நடந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். சுளுக்கு என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள், பெயர் வைக்க டாக்டர் இருக்கிறார். டைம் ஆபீஸில் எழுதினார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு வேன் ஏறுங்கள். வேலையை விட்ட பிறகும் என்னைத் தேடி மூன்று நான்கு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன், இரண்டு பேரோடு மதுரைக்கும் போய் வந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டுதான். நீங்களும் வரலாம். வெம்பக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி என் பெயரைச் சொன்னால் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். பகலில் ராமுத்தாயி இருக்கமாட்டாள், நான் மட்டும்தான் இருப்பேன். கதவைத் தட்டிவிட்டு, ஆளில்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதீர்கள். எழுந்து வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.